நெருப்புக் கேட்டு வந்தவள்

எங்கள் ஸ்கார்பெக்கில் வருஷம் முழுக்க ஜேபஸ் கார்பட்டை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். மலைச்சரிவில் சுரங்க வளை தோண்டி, துக்க நகைக்குப் போகிற கருமணிக்கல்லைப் பெயர்த்து விட்பி பட்டணத்துக்கு அனுப்புகிறவன் அவன். நகக்கண், காதுமடல் எல்லாம் கரும்புழுதி அப்பியிருக்கும். எங்கள் சந்துக்காரி திர்ஸா ஹார்லண்ட் தன் வாசல்படியில்கூட அவனை உட்கார விடமாட்டாள், படி கறுத்துவிடுமாம். ஆனால் கிறிஸ்துமஸ் விடியலில் மணி ஐந்து அடித்தால் ஊரே அவனுக்காகத்தான் காத்துக் கிடக்கும். ஊரில் தலைமுடி கருகருவென்று இருக்கும் ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். மற்றதெல்லாம் செம்பட்டை, செம்பட்டை முதலில் படியேறினால் ஆகாது.

சிவப்புப் பழமுள்ள முள்ளிலைக் கொப்போடு அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால்தான் வீட்டுக்குள் கிறிஸ்துமஸ் வரும். அதற்கு முன்னால் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது, யாரையும் உள்ளே விடவும் கூடாது. முதலில் வருவது பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் தொலைந்தது. அதைவிடப் பெரிய விலக்கு தீ. முந்தின நாள் அந்தியில் திருநாள் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டால் புத்தாண்டு கழிகிறவரை ஒரு கங்குகூட வீட்டை விட்டுப் போகக் கூடாது. தீ போன வழியில் அந்த வருஷத்துக்குள் பெட்டி போகும் என்பார்கள். சவப்பெட்டி என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பெட்டி என்பதோடு சரி.

நான் செலினா வெதரில். மளிகைக்கடை வைத்திருக்கிறேன். தெற்கே சமவெளியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷமாகிறது, இன்னும் இவர்களுக்கு நான் வெளியூர்க்காரிதான். வந்த முதல் வருஷம், விவரம் தெரியாமல், கிறிஸ்துமஸ் காலையில் கங்கோடு சாம்பலை அள்ளி வாசலில் கொட்டிவிட்டேன். மாமியார் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அடுத்து வந்த அறுப்பில் என் புருஷன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்தான். சாம்பலுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் அதற்கப்புறம் நான் சாம்பல் கொட்டியதில்லை.

இப்போது சொல்லப்போகிறது ஆறு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ்.

முந்தின நாள் மத்தியானம் கடையில் கூட்டம். வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி சும்மா கொடுப்பது வழக்கம். கோதுமைக் கஞ்சிக்குப் போட உலர்திராட்சையும் பட்டையும் வாங்க வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஜேபஸும் நின்றான். அப்போதுதான் கெசையா பிங்க்னி வந்தாள். எங்கள் சந்தின் உச்சியில் தனியாக இருக்கிற விதவை. எழுபதைத் தாண்டியாயிற்று, நடந்துகொண்டே காலுறை பின்னுவாள், கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"ஏலே கருவாயா," என்றாள் ஜேபஸைப் பார்த்து. "உன் வளை என் அடுப்புக்கு அடியில வந்திருச்சு. நீ சுத்தியல் போடுறது என் கட்டிலுக்குக் கீழ கேக்குது."

"ஊரு கூப்பிட்டா உனக்குக் காது கேக்கல. என் சுத்தியல் மட்டும் கேக்குதாக்கும்?"

"நீ தோண்டுன தோண்டலுல புகைபோக்கி வாயப் பொளந்துகிட்டு நிக்குது. பனி பெஞ்சா நேரா அடுப்புல விழும். வந்து பூசித் தாரியா, மாஜிஸ்ட்ரேட்டுகிட்டப் போகவா?"

"திருநாள் கழியட்டும், பூசித் தாரேன்."

"அதுக்குள்ள நான் செத்துப் போனா?"

"செத்தா நல்லதாப் போச்சு. எந்திரிச்சு வந்துராம ரெண்டு கூடை மண்ணு கூடவே போட்டு மூடுறேன்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கெசையா மெழுகுவர்த்தியை வாங்கி சால்வை முனையில் செருகிக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"நீயும் சிரிச்சதப் பாத்தேன், செலினா," என்றாள்.

அன்று ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. விடியலில் ஜேபஸ் வழக்கம்போல ஆற்றுப்பாலத்துக்குக் கீழ்த்தெருவில் ஆரம்பித்து வீடு வீடாக வந்தான். என் வீட்டுக்கு வரும்போது ஆறரை. கொப்பைக் கொடுத்தான், சிலுவைக் கீறல் போட்ட பாலாடைக்கட்டியும் இஞ்சி ரொட்டியும் கொடுத்தேன். நின்றபடி தின்றுவிட்டு, மேலே ஹார்லண்ட் வீட்டுக்குப் போனான். கடைசியாக கெசையா வீடு. தட்டிப் பார்த்தானாம், பதில் இல்லையாம். கிழவி கோபத்தில் இருக்கிறாள் என்று கொப்பை வாசலில் செருகிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

எட்டு மணிக்குக் கோயில் மணியடிக்கப் போன ஆள்தான் பார்த்தது. என் வீட்டிலிருந்து இருபது அடி. தெருமாட்டை அடைக்கிற பட்டியின் கற்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் கெசையா. மடிவரை பனி மூடியிருந்தது. நெற்றியில் பிளவு, அதில் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது. வலது கையில் நீளப் பிடி வைத்த தகர நெருப்புச்சட்டி, மூடி திறந்து கிடந்தது. உள்ளே பனியைத் தவிர ஒன்றுமில்லை.

ஊர் கூடி நின்றது. எல்லாரும் அந்தச் சட்டியைப் பார்த்தார்கள். தீ கேட்டு வந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் யார் கதவைத் தட்டினாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டௌசன் கான்ஸ்டபிள் பக்கத்து ஊரிலிருந்து பத்து மணிக்கு வந்தார். பெரிய உடம்பு, நிதானமான மனுஷன், அவருக்கும் செம்பட்டை முடிதான். கெசையா வீட்டைப் போய்ப் பார்த்தார். அடுப்பில் முழங்கால் அளவு பனி, மேலே வானம் தெரிந்ததாம். அடுப்புத் திட்டில் இருந்த தீக்குச்சிப் பெட்டி ஊறிக் கூழாகியிருந்தது. திரும்பி வந்து சந்தின் நடுவில் நின்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு மேல வெளிய நடமாடுனது யாரு?"

"ஜேபஸ்," என்றார்கள்.

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால எவன் வருவான், கிறிஸ்துமஸும் அதுவுமா!" என்றாள் திர்ஸா. "எங்க ஊருல நாய்கூட வெளிய போகாதுங்க ஐயா."

"கெழவி சத்தம் ஏதாச்சும் கேட்டுதா?"

திர்ஸா வீட்டில் கேட்கவில்லை. ஜேபஸின் மனைவி டாமரிஸ் தலையை ஆட்டினாள். நானும் கேட்கவில்லை என்றேன்.

அப்புறம் டௌசன் மேலே போனார். ஜேபஸ் வீட்டு வாசலில் பூட்ஸ் சேறு வழிக்கிற இரும்புத் தகடு ஒன்று நட்டிருக்கும். பனியைக் கையால் தள்ளிப் பார்த்தார். தகட்டின் விளிம்பில் ரத்தமும், நரைத்த முடி நாலும் ஒட்டியிருந்தன. முந்தின நாள் கடையில் நடந்த பேச்சை அதற்குள் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருந்தார்கள். மண்ணு போட்டு மூடுறேன் என்றது மட்டும் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி இருந்தது.

ஜேபஸ் தூக்கம் கலைந்து, விலங்கு போட்ட கையோடு, "நான் ஒண்ணும் பண்ணல, தாமு, நீ கஞ்சியக் குடி," என்றான் டாமரிஸிடம். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு, இரண்டும் பிறக்கும்போதே செத்தவை. மரண விசாரணை இருபத்தெட்டாம் தேதி சத்திரத்தில் என்று டௌசன் சொன்னார். அதில் கொலை என்று எழுதிவிட்டால் யார்க் சிறை, அப்புறம் கயிறு.

மறுநாள் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வீட்டுக்குள் அடுப்பு மட்டும் தகதகவென்று எரிந்தது. ஒரு வண்டி விறகை உள்ளே அடுக்கி வைத்திருந்தாள்.

"ரெண்டு வாய் குடிடி. வயித்துல இருக்கிறது என்ன பாவம் பண்ணிச்சு?"

"அக்கா, இன்னிக்கு விடியக்காலம் உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுதா?"

"என்னத்தக் கேக்க?"

"கதவு. மூணு தட்டு. அப்புறம் தகரம் கிணுங்குன மாதிரி."

நான் கஞ்சியைக் கிண்டினேன். "காத்தா இருக்கும்," என்றேன்.

"காத்து மூணு தட்டோட நிறுத்துமா?" அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பொய் சொல்லிட்டேன் அக்கா. திருநாளன்னிக்கு அவ வந்தா. நாலரை மணி இருக்கும், இவரு அப்பத்தான் பாலத்துப் பக்கம் போயிருந்தாரு. 'தாமு, அடுப்பு அணைஞ்சு போச்சு, ஒரு கங்கு குடு தாயி'ன்னா. தாயின்னா அக்கா, என்னைய ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல. நான் பேச்சே குடுக்கல. வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். போற தீ என் பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருமேன்னு. அவ திரும்புறப்ப வழுக்கி விழுந்த சத்தம் கேட்டுது. இரும்புல பட்ட சத்தம். அப்பவும் நான் திறக்கல. கொஞ்ச நேரம் முனகிட்டு எந்திரிச்சுப் போயிட்டா."

"ஜேபஸுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்வேன்? என்னைய மனுஷியா நெனைப்பாரா?"

"விசாரணையில சொல்லிருடி. ஒளிக்காமச் சொல்லு," என்றேன். பெரிய மனுஷி மாதிரி அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே உங்களிடம் நானும் ஒன்றை மறைத்துவிட்டேன். பெரிய யோக்கியம் மாதிரி டாமரிஸ் பொய்யை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன். கெசையா என் கதவையும் தட்டினாள். சுவர்க்கடிகாரத்தில் ஐந்துக்குக் கால்மணி இருந்தது. பாலாடைக்கட்டியில் சிலுவை கீறிக்கொண்டிருந்தேன். மூன்று தட்டு, அப்புறம் சட்டி மூடி கிணுங்கியது. "செலினா, கொஞ்சம் தீ குடு. நீ வெளியூர்க்காரி, உனக்கு இதெல்லாம் கிடையாது," என்றாள். கத்தியைக் கீழே வைக்காமல் நின்றேன். என் வீட்டில் நான் ஒருத்தி. தீ போனால் பெட்டியில் போக வேறு ஆள் கிடையாது. "நீ சிரிச்சதுக்குச் சரியாப் போச்சு, திறடி," என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. ஆறரைக்கு ஜேபஸ் வந்து என் வீட்டில் நின்று இஞ்சி ரொட்டி தின்றபோது அவள் இருபது அடி தள்ளி இருட்டில் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திருநாளும் அதுவுமாக வாயில் என்ன வரும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

டாமரிஸ் கேட்ட அந்தத் தட்டலை அன்று விடியலில் நானும் கேட்டிருந்தேன். மறுநாளும் கேட்டேன். அதே நேரம். மேலே டாமரிஸ் வீட்டில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வருகிறது என்று எனக்கு ஏனோ தெரிந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன், வெறும் பனி. என் படியில் மட்டும் புதுப்பனி விழாத வட்டம் ஒன்று இருந்தது, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு. சாயங்காலம் திர்ஸா கடைக்கு வந்து உப்பு கேட்டாள், கொடுத்தேன், திரும்பவும் உப்பு கேட்டாள்.

"உனக்கு ராத்திரி தூக்கம் இருக்கா?" என்றேன்.

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரித் தூங்குறேன்," என்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

இருபத்தெட்டாம் தேதி விசாரணை. கெசையாவைக் குதிரைக் கொட்டிலில் பலகை மேல் கிடத்தியிருந்தார்கள். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திர்ஸாவின் புருஷன் ஓபெட் அவர்களில் ஒருவன். விட்பியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி ஒல்லி, சளிப் பிடித்திருந்தது, அடிக்கொரு தரம் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினார். ஜேபஸ் சுவரோரம் நின்றான். மூன்று நாள் காவலில் புழுதி கழுவி முகம் வெளுத்துப்போய், யாரோ மாதிரி இருந்தான்.

பாலத்துப் பக்கச் சத்திரக்காரன் சாட்சி சொன்னான்: நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து, ஐந்து அடிக்கிறவரை ஜேபஸ் அவன் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். வைத்தியர் சொன்னார்: அடியோடு குளிரும் சேர்ந்து கொன்றிருக்கிறது, எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது.

"அஞ்சுக்கு முன்னால யாரும் வெளிய வரலன்னு ஊரே சொல்லுது ஐயா," என்றார் டௌசன். "கெழவியும் வந்திருக்க மாட்டா. அஞ்சுக்கு மேல வந்தவ இவன் வாசல்ல இவன் கையில மாட்டியிருக்கா."

டாமரிஸ் எழுந்தாள். என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். தாயி என்று கூப்பிட்டது வரை சொன்னாள். ஜேபஸ் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இந்தப் பெண் சந்தேகத்துக்கு உரியவனின் மனைவியா?"

"ஆமாங்க ஐயா."

"அப்படியானால் இவள் பேச்சை நான் எழுத முடியாது, அம்மா. புருஷனுக்காக மனைவி சொல்வது சாட்சியம் ஆகாது. உட்கார்."

"சத்தியமாச் சொல்றேன்யா. நான் கொன்னேன்னு வேணும்னாலும் எழுதிக்குங்க!"

"உட்கார், அம்மா." அவர் கூட்டத்தைப் பார்த்தார். "ஐந்து மணிக்கு முன்னால் அந்தக் கிழவியின் குரலைக் கேட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?"

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்த சத்தம்தான் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், யாராவது எழுந்துவிட மாட்டார்களா என்று நான் சுற்றிலும் பார்த்தேன். திர்ஸாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரவர் கதவைத் தவிர மற்ற கதவு திறந்திருக்கும் என்றே ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் எழுந்தேன். "நான் கேட்டேன் ஐயா. அஞ்சுக்குக் கால்மணி இருக்கையில. என் பேரச் சொல்லித் தீ கேட்டா. நான் திறக்கல."

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"வெக்கமா இருந்துச்சு," என்றேன். வேறு என்ன சொல்ல?

"எங்க வீட்டையும் தட்டுனா," என்று திர்ஸா உட்கார்ந்தபடியே அழ ஆரம்பித்தாள். "இவர்தான் போகாதடின்னு கையப் பிடிச்சாரு." ஜூரி வரிசையில் ஓபெட்டின் கழுத்து சிவந்துபோயிற்று.

அதிகாரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விட்பிக்காரர், அங்கேயும் இந்த விலக்கு உண்டு. அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. தகட்டில் அடிபட்டு, இன்னும் இரண்டு கதவைத் தட்டி, ஜேபஸ் சத்திரத்தில் இருந்த நேரத்திலேயே, ஐந்து அடிப்பதற்குள், பட்டிச் சுவரடியில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று ஆனது. ஜேபஸின் விலங்கைக் கழற்றினார்கள். கொலை என்று எழுத ஆள் இல்லை, எழுதினால் சந்து முழுவதையும் எழுத வேண்டும். இப்படிச் சாவுகளுக்கு அவர்கள் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதையே எழுதி உரக்கப் படித்தார்: "ஆண்டவருடைய வருகையினால் மரணம்."

"வந்தது சரிதான்," என்றாள் டாமரிஸ், என் பக்கத்தில் மெல்ல. "யாரு திறந்தா?"

முப்பதாம் தேதி கெசையாவைப் புதைத்தோம். ஜேபஸ்தான் குழி வெட்டினான். ஒரு கூடை மண்கூட அதிகம் போடவில்லை. தட்டல் நின்றுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் விடியலில் அதே மூன்று தட்டு.

புத்தாண்டு விடியலுக்கு நான் தூங்கவே இல்லை. மேலே எங்கேயோ கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து, இன்னும் கிட்டத்தில், ஹார்லண்ட் வீட்டுப் பக்கம். அப்புறம் பனியில் காலடி. இத்தனை நாளும் காலடிச் சத்தம் இருந்ததில்லை. என் கதவில் மூன்று தட்டு. தகரம் கிணுங்கியது.

"அக்கா, கொஞ்சம் தீ குடுங்க."

டாமரிஸ் குரல். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். கை அங்கேயே நின்றுவிட்டது. செத்தவள் உயிரோடு இருக்கிறவள் குரலில் கூப்பிடுவாளோ என்று ஒரு பயம். டாமரிஸேதான் என்றாலும் பெண்பிள்ளை, புத்தாண்டு விடியலுக்கும் ஜேபஸ்தான் முதலில் வர வேண்டும், அவன் இன்னும் வரவில்லை, கேட்பது தீ. அழுது, எழுந்து நின்று, ஊரறியச் சொல்லி ஐந்து நாள்கூட ஆகவில்லை. அந்தக் கை திரும்பவும் நின்றது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதில் ஒன்றும் உண்மையில்லை.

அப்புறம் திறந்தேன்.

அவள்தான். தலைச் சால்வையில் பனி. கையில் கெசையாவின் நெருப்புச்சட்டி.

"உன் அடுப்புக்கு என்னடி வந்துச்சு?"

"நான்தான் தண்ணி ஊத்தி அணைச்சேன்."

"பைத்தியமா உனக்கு? வயித்துப் பிள்ளைக்காரி, இந்தக் குளிர்ல!"

"அவ தீ கேட்டுத்தான் வரா அக்கா. யாராச்சும் குடுக்குற வரைக்கும் வருவா. அதான் அவளுக்காக நான் கேட்டு வந்தேன். திர்ஸாக்கா வீட்டுல விளக்கு எரிஞ்சுது. நான் தட்டுனதும் அணைச்சுட்டாங்க."

அடுப்பில் இருந்த நல்ல கங்காகப் பார்த்து நாலு கரண்டி அள்ளிச் சட்டியில் போட்டேன். மூடியை மூடினாள்.

"நூத்திப் பத்து," என்றாள்.

"என்னது?"

"நீங்க திறக்குறதுக்குள்ள எண்ணுனேன்."

சட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சந்தில் ஏறினாள். தன் வீட்டைத் தாண்டியும் போனாள். விடிந்தபோது கெசையா வீட்டின் பிளந்த புகைபோக்கியிலிருந்து புகை வந்ததை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் தட்டல் இல்லை.

பிப்ரவரியில் டாமரிஸுக்குப் பெண் பிறந்தது, உயிரோடு, கருகருவென்று முடியோடு. என் வீட்டிலிருந்தும் அந்த வருஷம் பெட்டி போகவில்லை. போயிருந்தால் உங்களிடம் யார் இதைச் சொல்வது? ஆனால் கிறிஸ்துமஸ் விடியலில் பாலாடைக்கட்டியில் சிலுவை கீறும்போது நான் இன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். நூற்றுப்பத்து சின்ன எண் இல்லை. சந்தேகமிருந்தால் வெளியே பனியில் போய் நின்று எண்ணிப் பாருங்கள்.